இலையின் அடிப்பக்கம்

மார்கழிப் பனி அஞ்செட்டி மலைச்சரிவில் இறங்கும் நாட்களில், உருளைக்கிழங்குச் செடியின் இலை விடிந்து வெகுநேரம்வரை காய்வதில்லை. குளிரும் காயாத ஈரமும் போதும், இலைக்கருகல் வந்துவிடும். இலை நுனியில் நீர் கோத்தாற்போல ஒரு புள்ளி எழும்பி, பழுப்பாகிக் கருக்கும். அதிகாலையில் இலையைத் திருப்பினால் புள்ளியின் விளிம்பில் மெல்லிய வெண்பூசணம் தெரியும். வெயில் ஏறி இலை காய்ந்ததும் அது மங்கிவிடும். குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டுமே அது படும்.

அந்தக் குனிதலை நான் வழிபாடாகவே கொள்கிறேன். திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். வீட்டுத் தோட்டத்தில் கீழிலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதும் கைத்தொண்டுதான்.

1845இல் அயர்லாந்தில் பரவியது இதே நோய். ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரகக் கிழங்கை நம்பியிருந்தார்கள். சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். அதே நாட்டின் தானியமோ அப்போதும் கப்பலேறிக்கொண்டிருந்தது. செடியைக் கருக்கியது நோய். மக்களைக் கைவிட்டது மனித மனம்.

நம்மால் ஆவது சிறிது. நோயற்ற விதைக்கிழங்கு வேண்டும். காற்று புக இடைவெளி வேண்டும். தக்காளிக்கும் இந்நோய் வரும், எனவே இரண்டையும் அடுத்தடுத்து வைக்கவேண்டாம். கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணையுங்கள். பனிக்காலம் தொடங்குமுன்பே ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம்: 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கி, அன்றே தெளித்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நோய் வரலாம். அப்போதுதான் மனம் சோதிக்கப்படுகிறது. பாதிச் செடி கருகி, மீதி இன்னும் பச்சையாக நிற்கும். அறுக்கக் கை வராது. பச்சையின்மேல் வைத்த பற்று மழையோடு சேர்ந்து நோயை மண்ணுக்குள் இறக்கிவிடும். தண்டைத் தரையோடு அறுத்து, தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். உடனே தோண்டாமல் இரண்டு வாரம் பொறுங்கள்; உள்ளே கிழங்கின் தோல் முற்றும். விடுவது எதை, காப்பது எதை என்ற தெளிவு அந்தப் பதினான்கு நாளில் மெல்ல வருகிறது.

தோண்டும்போது ஒரு கிழங்கையும் மண்ணில் விட்டுவைக்காதீர்கள். அழுகியதைக் குப்பைக்குழியில் போடவேண்டாம்; நோய் அடுத்த பருவம்வரை உயிரோடிருப்பது அந்தக் கிழங்குக்குள்தான்.