பிள்ளைக்கு இடும் திருநாமம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



ஒரு கிருஹத்தில் ஆண்மகவு ஜனித்தால், பதினோராம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ புண்யாஹவாசனம் செய்து, தகப்பன் அக்குழந்தையின் வலது செவியில் அதன் நாமத்தை ஓதுகிறான். குழந்தைக்கு இவ்வுலகில் முதன்முதல் சேரும் சொத்து அதுவே. பொன்னும் பூமியும் பின்னர் வரலாம், வந்தபின் போகவும் போகலாம். பெயர் மட்டும் கடைசி மூச்சு வரையில் உடன் வருகிறது. அதனை இடுவதில் நம் பெரியோர் காட்டிய கவனத்தை இவ்வுத்ஸவ மலரில் சிறிது விண்ணப்பித்துக் கொள்கிறேன்.

மகனைக் குறிக்க வடமொழியில் பல சொற்கள் உண்டு. 'புத்' என்னும் நரகத்தினின்று தந்தையைக் காப்பவன் புத்ரன் என்று மநுஸ்ம்ருதி பொருள் கூறும். ஆனந்தம் அளிப்பவன் நந்தனன். குலத்தைப் பரவச் செய்பவன் தநயன். தன்னிடமிருந்தே தோன்றியவன் ஆத்மஜன். தமிழ் வழக்கிலோ, பாட்டனின் பெயரை ஏற்பவன் பெயரன். அதுவே பேரன் என்று மருவிற்று.

ஆண்குழந்தையின் நாமம் இரண்டு அல்லது நான்கு அக்ஷரங்கள் கொண்டிருத்தல் வேண்டும் என்பது ஆபஸ்தம்ப க்ருஹ்ய ஸூத்ரத்தின் விதி. ராம, க்ருஷ்ண என்பன இரண்டு; நாராயண, தாமோதர என்பன நான்கு. தசரதனின் நான்கு குமாரர்களுக்கும் வஸிஷ்டர் பதினோரு நாட்கள் கழிந்தபின் பெயரிட்டார். எல்லோரையும் மகிழ்விப்பவன் இராமன், பாரத்தைத் தாங்குபவன் பரதன், கைங்கர்யச் செல்வம் நிறைந்தவன் இலக்குமணன், பகையை அழிப்பவன் சத்ருக்நன். நால்வரின் வாழ்க்கையும் அப்பெயர்களுக்கு உரையாகவே அமைந்துவிட்டது. கண்ணனுக்கோ அத்தகைய விழா வாய்க்கவில்லை. கம்ஸனுக்கு அஞ்சி, கர்காசார்யர் கோகுலத்தில் மறைவாகப் பெயரிட்டார் என்று ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தம் கூறுகிறது.

அவ்வெம்பெருமானே பெற்றோரின் பெயரால் அழைக்கப்படுவதில் உகப்புடையவன். வஸுதேவனின் மகனாதலால் வாஸுதேவன் என்றும் தேவகீநந்தனன் என்றும், தசரதனின் மகனாதலால் தாசரதி என்றும் பெயர் பூண்டான். இளையபெருமாள் ஸுமித்ரையின் பெயரால் ஸௌமித்ரி ஆனார். அர்ஜுனன் ப்ருதையின் மகனாகையால் பார்த்தன் ஆனான். ஜகத்காரணனான பரம்பொருள், 'இன்னாருடைய பிள்ளை' என்னும் அடையாளத்தைத் தேடி வந்து பெற்றுக்கொண்டதே ஸௌலப்யத்தின் எல்லை.

தமிழ்நாட்டில் நாம் தந்தையின் பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னர் இடுகிறோம். வைதிகர்கள் அபிவாதனம் செய்கையில் ப்ரவர ரிஷிகளையும் கோத்ரத்தையும் ஸூத்ரத்தையும் சொல்லி, இறுதியில்தான் தன் பெயரைச் சொல்கிறார்கள். பாரத்வாஜ கோத்ரத்தார் ஆங்கிரஸ, பார்ஹஸ்பத்ய, பாரத்வாஜ என்பர். இவை அங்கிரஸ்ஸின் வழியினன், ப்ருஹஸ்பதியின் மகன் என்றே பொருள்படும். எத்தனை தலைமுறை சென்றாலும் ஒவ்வொருவனும் ஒருவருக்கு மகன். அதனை மறவாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இனி, எந்தப் பெயரை இடுவது? பெரியாழ்வார் தம் திருமொழியின் நாலாம் பத்தில், ஆறாம் திருமொழி முழுவதையும் இதற்கென்றே அருளிச்செய்தார். காசுக்கும் கூறைக்கும், பிள்ளையின் உச்சிக்கு எண்ணெய், சுட்டி, வளை கிடைக்கும் என்பதற்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரை இடுகிறவர்களைப் பார்த்து ஆழ்வார் இரங்குகிறார். எம்பெருமானின் திருநாமத்தை இடுங்கள், அப்பெயருடையவனைப் பெற்ற தாய்க்கு நரகவாசம் இல்லை என்கிறார். புத்ரன் என்னும் சொல்லுக்கு மநு சொன்ன பொருள், ஆழ்வாரின் வாக்கில் பெயரின் வழியாகவே நிறைவேறுகிறது.

இதற்கு அஜாமிளனின் சரித்ரமே ஸாக்ஷி. நெறி தவறி வாழ்ந்த அவன், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்தான். யமதூதர்கள் வந்தபோது அவன் அழைத்தது தன் பிள்ளையை. வந்து நின்றவர்களோ விஷ்ணுதூதர்கள். அவன் அன்றே வைகுண்டம் சேரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உயிர் மீண்டு, மனம் வருந்தி, கங்காத்வாரம் சென்று பகவானை த்யானித்த பின்னரே பேறு பெற்றான். திருநாமம் அவனுக்குத் திருந்துவதற்கு நாளும் கொடுத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் இதனை உபந்யாஸத்தில் சொன்னபோது, ஒரு தாயார் ஸந்நிதியில் வந்து கேட்டார்: "ஸ்வாமி, ஆழ்வார் சொன்னபடியே என் பிள்ளைக்குக் கோவிந்தன் என்று பெயர் வைத்தேன். ஒன்பது வயதில் ஜுரம் கண்டு போய்விட்டான். புறப்பாட்டில் எல்லோரும் கோவிந்தா என்கிறார்கள். எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. பெயர் வைத்ததற்கு இதுதானா பலன்?"

அவருக்கு ச்லோகம் எதுவும் சொல்ல அடியேனுக்கு நாவெழவில்லை. "அம்மா, திருநாமம் இட்டால் பிள்ளை நூறாண்டு இருப்பான் என்று ஆழ்வார் அத்திருமொழியில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. போகுமிடத்தைப் பற்றித்தான் சொன்னார். பாலூட்டும்போதும், சோறு பிசைந்து கொடுக்கும்போதும், தெருவில் விளையாடுகிறவனைக் கூப்பிடும்போதும் ஒன்பது வருஷம் நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னீர்கள். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒருவன் உள்ளே நிற்கிறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் மறுமொழி கூறாமல் தீர்த்தம் வாங்கிக்கொண்டு போனார். மறுவருஷம் கருட ஸேவையன்று, கோபுர வாசலில் எல்லோரோடும் நின்று அவரும் கோவிந்தா என்றார். யாரை அழைத்தார் என்று அடியேன் கேட்கவில்லை. யாரை அழைத்தாலும் கேட்பவன் ஒருவனே என்பதன்றோ அஜாமிளன் கண்டது!

பெயரிடுதல் நன்றிக்கடனும் ஆகும். ஆளவந்தாரின் திருவுள்ளக் குறைகளைத் தீர்ப்பதாக ப்ரதிஜ்ஞை செய்த எம்பெருமானார், கூரத்தாழ்வானின் திருக்குமாரர்களுக்குப் பராசரர், வேதவ்யாஸர் என்னும் திருநாமங்களைச் சாற்றினார் என்று குருபரம்பரை கூறும். ஸ்ரீவிஷ்ணுபுராணம் தந்தவருக்கும் வேதத்தை வகுத்தவருக்கும் இரண்டு குழந்தைகளின் பெயரால் ஸம்ப்ரதாயம் நன்றி செலுத்தியது.

இக்காலத்தில் செவிக்கு இனிமை என்றும், எழுத்தின் எண்ணிக்கை என்றும் பார்த்து, பொருளே இல்லாத பெயர்களை இடுகிறார்கள். அர்ச்சனைக்கு வந்து, தன் பெயருக்கு என்ன பொருள் என்று அடியேனைக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. வரதராஜனை வரது என்றும் ஸ்ரீநிவாஸனைச் சீனு என்றும் கொஞ்சுவதில் குற்றமில்லை. நாளொன்றுக்கு ஒருமுறையேனும் முழுத் திருநாமத்தால் அழையுங்கள். அதன் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெயரிடும் முறையை உலகுக்கு உபதேசித்த பெரியாழ்வாருக்கு வாய்த்தது மகனன்று, துளஸி வனத்தில் கண்டெடுத்த ஒரு பெண்மகவு. அவளுக்குக் கோதை என்று பெயரிட்டார். அவளாலேயே அரங்கனுக்கு மாமனார் ஆனார். ஆகையால் மகனோ மகளோ, இல்லத்தில் பிறக்கும் மகவுக்கு அவன் திருநாமத்தையோ பிராட்டியின் திருநாமத்தையோ இட்டு, வாயார அழைத்து, எல்லோரும் உய்ந்திடப் பெருமாள் கடாக்ஷித்தருள ப்ரார்த்திக்கிறேன்.

சுபம்.