கணக்கில் ஏறாத செலவு

கொடைக்கானல், நோய்க்கு அஞ்சியவர்களால் உருவான ஊர். சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் தப்ப விரும்பிய அமெரிக்க மிஷனரிமார் 1845-ஆம் ஆண்டில் பழனி மலைத்தொடரின் மேல் தம் முதல் வீடுகளைக் கட்டினர். ஏறிவர வசதியுள்ளோர்க்கு அம்மலை புகலிடமாயிற்று. காலப்போக்கில், அவ்வாறு ஏறிவருவோரை நம்பியே மலைமக்களுள் பலருடைய பிழைப்பும் அமைந்தது. 175 ஆண்டுகளுக்குப் பின், 2020-இல், அதே மலை நோயின் பொருட்டுத் தன் வாயிலை அடைத்துக்கொள்ள நேர்ந்தது.

வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் ஏறிவரும் சாலைகள் கூடுமிடம் பெருமாள்மலை. சாலையோரம் பேரிக்காயும் பிளம்ஸும் மலைவாழைப்பழமும் விற்போர், தேநீர்க் கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டுவோர், மேலே ஏரிக்கரையில் குதிரை நடத்துவோர், விடுதிகளில் துணி வெளுப்போர் ஆகிய அனைவர்க்கும் ஏப்ரல், மே மாத வருவாயே ஆண்டு முழுவதையும் தாங்கும் தூண். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மறு ஆண்டு, இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதை மாநில அரசு தடை செய்தது. இரண்டு கோடைகள் அடுத்தடுத்து வெறுமையாய்க் கழிந்தன.

மலையை அடைத்தது தவறன்று. உயிரைக் காப்பது அரசின் முதற்கடமை. ஆனால் அக்கடமையை நிறைவேற்ற ஆன செலவை யார் செலுத்தினார்கள்? படுக்கைகள், உயிர்வளி உருளைகள், பரிசோதனைகள், மருந்துகள் ஆகியவற்றிற்கு ஆன செலவு அரசின் ஏடுகளில் இருக்கிறது. பழக்கடைக்காரர் இழந்த நாட்கூலி எந்த ஏட்டிலும் இல்லை. அதுவும் பொதுநலத்திற்காகச் செலவிடப்பட்ட பணம் அல்லவா?

தமிழக அரசு 2020-இல் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றிற்கும் 1,000 ரூபாயும் விலையில்லா உணவுப் பொருள்களும் வழங்கியது. 2021-இல் இரு தவணைகளாக 4,000 ரூபாய் வழங்கியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு விசாரணையோ இடைத்தரகரோ இன்றி விரைந்து பணம் சேர்ந்தது பாராட்டிற்குரியதே. எனினும் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்திற்கு 2020-21-இல் குறிக்கப்பட்ட நாட்கூலி 256 ரூபாய். அந்த 1,000 ரூபாய் நான்கு நாள் கூலிக்கும் குறைவு. முதல் ஊரடங்கோ 21 நாட்கள். அடுத்த ஆண்டின் கூலி 273 ரூபாய். அதன்படி 4,000 ரூபாய் பதினைந்து நாள் கூலிக்கும் எட்டாது.

அரசின் வருவாயும் அந்நாட்களில் சுருங்கியது. கேட்டவர்க்கெல்லாம் கேட்டபடி கொடுக்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது. இதை நான் மறுக்கவில்லை. என் வினா தொகையைப் பற்றியது மட்டுமன்று, அதன் பெயரைப் பற்றியதும் ஆகும். அதை 'நிவாரணம்' என்றோம். புயலில் வீடிழந்தவர்க்குத் தருவது நிவாரணம். புயலை எவரும் ஆணையிட்டு வரவழைப்பதில்லை. கடையை மூடியதோ, எல்லாருடைய நன்மைக்காகவும் அரசு இட்ட ஆணை. ஒருவருடைய பொருளைப் பொதுநலத்திற்காக எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு செய்வது கருணை ஆகாது. அது கடனைத் தீர்ப்பது.

இந்த நெறி நமக்குப் புதிதன்று. 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோய் பரவாதிருக்கக் கோழிகள் பெருந்தொகையாய் அழிக்கப்பட்டன. அழித்த கோழிகளுக்கு எண்ணிக்கைப்படி அரசு இழப்பீடு தந்தது. இன்றும் அம்முறை உண்டு. அதை எவரும் தருமம் என்று அழைப்பதில்லை. பொதுநலத்திற்காகக் கோழியை இழந்தவர்க்கு உள்ள உரிமை, பொதுநலத்திற்காகக் கூலியை இழந்தவர்க்கு இல்லாமற்போனது ஏன்?

கோழியை எண்ணலாம், கூலியை எண்ண முடியாது என்பர். ஓரளவு உண்மைதான். ஆயினும் வாடகை வண்டிக்கு உரிமம் உண்டு. நலவாரியங்களில் உறுப்பினர் பதிவு உண்டு. தெருவோர வணிகரைக் கணக்கெடுத்துச் சான்று வழங்க 2014-ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. இவற்றை அமைதிக் காலத்தில் செம்மையாக வைத்திருந்தால், நெருக்கடியில் யார் எவ்வளவு இழப்பார் என்பதைப் பெருமளவு அறியலாம். மனமிருந்தால் கணக்கும் கைகூடும்.

நம்முள் பலர் அம்மாதங்களில் ஊதியம் குறையாமல் வீட்டிலிருந்தோம். நம் பாதுகாப்பின் விலையில் ஒரு பங்கை, முகமறியாத அப்பழக்கடைக்காரர் செலுத்தினார். ஆகவே அரசு மட்டுமன்று, நாமும் அவருக்குக் கடன்பட்டவர்கள். பங்குகளும் சங்கங்களும் அரிசிப் பைகள் வழங்கியது நல்ல செயல். ஆனால் நீதியாய்ச் சேரவேண்டியதை இரக்கத்தால் ஈடுசெய்துவிட்டதாக நாம் எண்ணிவிடலாகாது. கடன் தீர்க்கும் வழி வரி என்றால், அவ்வரியை முகம் சுளிக்காமல் செலுத்தும் மனமும் நமக்கு வேண்டும்.

கொள்ளைநோய் இனி வாராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. அடுத்த முறை கதவை அடைக்கும் ஆணையிலேயே, அதனால் பிழைப்பிழப்போர்க்கு உரிய ஈடும் எழுதப்பட்டிருக்கவேண்டும். அதைக் கேட்கவேண்டியவர்கள் இழப்பவர்கள் மட்டுமல்லர். அவர்களுடைய இழப்பால் காக்கப்படுகிற நாமும்தான்.