சித்திரம் எழுதிய கை எது?



2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரத்துக் கிறிஸ்டீஸ் ஏலக் கூடத்தில் ஒரு சித்திரம் விலை போயிற்று. கறுப்பு அங்கி அணிந்த ஒருவரின் உருவம். முகம் தெளிவாக இல்லை. ஓரங்கள் முடிவு பெறாமல் விடப்பட்டிருந்தன. பத்தாயிரம் டாலருக்கு மேல் போகாது என்று மதிப்பிடப்பட்டிருந்த அது 4,32,500 டாலருக்குப் போயிற்று. சித்திரக்காரர் கையொப்பமிடும் மூலையில் மனிதர் பெயர் எதுவும் இல்லை. ஒரு கணித வாய்பாடு எழுதப்பட்டிருந்தது. ‘இதனைத் தீட்டியது இயந்திரம்’ என்று உலகத்துப் பத்திரிகைகள் முழங்கின.

அந்நாள் தொட்டு, ‘இயந்திரமும் படைக்க வல்லதோ?’ என்னும் வினா ஓவியர் கூடங்களிலும் நீதிமன்றங்களிலும் உரத்து எழுந்து நிற்கிறது. இன்று கைத்தொலைபேசியில் இரண்டு வரி எழுதினால் நொடிப் பொழுதில் ஒரு சித்திரம் வந்து விழுகிறது. ஆதலின் அவ்வினா நம் சங்கத்தின் வாயிலுக்கும் வந்துவிட்டது. பௌத்தராகிய நாம் இதற்கு எவ்வாறு விடை காண்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு சாரார், ‘இயந்திரம் படைக்கிறது, மனிதனின் பெருமை ஒழிந்தது’ என்கின்றனர். மற்றொரு சாரார், ‘இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை, ஆன்மா இல்லாதது படைக்க மாட்டாது’ என்கின்றனர். இரண்டாவது பேச்சு பலர் காதுக்கு இனிக்கிறது. ஆயினும் அதனை நாம் வழிமொழிய இயலாது. என்னை? மனிதனுக்குள்ளும் அழிவற்ற ஆன்மா ஒன்று அமர்ந்து ஆட்சி செய்யவில்லை என்பதன்றோ பகவன் உரைத்த அநாத்ம தர்மம்! ஆன்மா இல்லாமலே அஜந்தாவின் சுவர்கள் நிறைந்தன. ஆகவே இல்லாத ஒன்றைக் காட்டி இயந்திரத்தைத் தள்ளுவது பௌத்தனுக்கு அழகன்று.

‘படைத்தல்’ என்னும் சொல்லையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் தனியே நின்று, முன்பின் தொடர்பின்றி, ஒன்றைத் தோற்றுவித்தான் என்னும் கருத்து அச்சொல்லில் பதுங்கியிருக்கிறது. இக்கருத்தினால் நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. முகத்தினின்றும் தோளினின்றும் தொடையினின்றும் பாதத்தினின்றும் மனிதர் படைக்கப்பட்டனர் என்ற கதை அன்றோ, உழுத கையையும் நெய்த கையையும் தோல் பதனிட்ட கையையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது! வேலை செய்தவர் ஒருவர். ‘படைத்தவன்’ என்று துதிக்கப்பட்டவன் வேறொருவன். 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த உறுதிமொழிகளில் முதலாவது, பிரமன் முதலிய தேவர்களை நம்பவோ வணங்கவோ மாட்டேன் என்பது. அதனை வெறும் தெய்வ மறுப்பு என்று கொள்வோர் அதன் பாதிப் பொருளையே கண்டவராவர்.

பகவன் காட்டிய நெறி யாது? எப்பொருளும் சார்பிற்றோன்றுவது. சம்யுத்த நிகாயத்தில் சித்திரத்தையே உவமையாகக் கொண்ட ஒரு போதனை இருக்கிறது. அக்காலத்தில் ‘சரணம்’ என்ற பெயருடைய சித்திரம் ஒன்று இருந்தது. துணியில் எழுதி ஊர் ஊராக எடுத்துச் சென்று காட்டுவர் என்று உரைகாரர் கூறுவர். (நாம் நாள்தோறும் சொல்லும் திரிசரணத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) அதனைப் பிக்குகளுக்கு நினைவூட்டிய பகவன், அச்சித்திரம் சித்தத்தினால் அமைக்கப்பட்டது என்றும், சித்தமோ அச்சித்திரத்தினும் பல வண்ணமுடையது என்றும் தெரிவித்தார். சாயமும் பலகையும் கொண்டு ஓவியன் ஆண் உருவும் பெண் உருவும் எழுதுவது போலவே, கல்லாத மனிதன் தன் ஐந்து கந்தங்களையும் மீண்டும் மீண்டும் எழுதிக்கொள்கிறான் என்றும் அங்கே காட்டினார். ஆகவே சித்திரத்தைக் கண்டால் பௌத்தன் கேட்கத்தக்க கேள்வி, இது எவ்வெவற்றைச் சார்ந்து வந்தது என்பதே.

இக்கேள்வியோடு ஓர் உண்மை வரலாற்றைப் பார்ப்போம். ஹெரால்டு கோஹன் என்பார் 1928-இல் இங்கிலாந்தில் பிறந்த ஓவியர். 1966-ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சியில் தம் நாட்டின் சார்பில் பங்கேற்றவர்களுள் ஒருவர். புகழ் பெற்றிருந்த அக்காலத்திலேயே, 1968-இல் கலிபோர்னியாவுக்குச் சென்று கணிப்பொறியைக் கற்கத் தொடங்கினார். ஒரு கோட்டுத் திரளை உருவம் என்று மனிதர் காண்பதற்கு மிகக் குறைந்த அளவில் என்ன வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதன் பயனாக 1970-களின் தொடக்கத்தில் ‘ஆரன்’ என்னும் நிரல் பிறந்தது. மூடிய உருவம் எது, திறந்த உருவம் எது, முன்னிருப்பது பின்னிருப்பதை எவ்வாறு மறைக்கும், கிளை எவ்வாறு பிரியும், முழங்கை எப்பக்கம் மடங்கும் என்று தாம் அறிந்தவற்றை விதிகளாக எழுதிக் கொடுத்தார். ஆமை போன்ற சிறு வண்டி ஒன்று தரையில் விரித்த காகிதத்தின்மேல் ஊர்ந்து கோடிழுத்தது. 1977-இல் ஜெர்மனியின் கஸ்ஸல் நகரத்துப் பெருங்கண்காட்சியில் ஆரன் தீட்டியவை வைக்கப்பட்டன. நெடுங்காலம் கோடு மட்டுமே இயந்திரத்தினுடையது. வண்ணம் தீட்டியவர் கோஹனே. 1995-இல் பாஸ்டன் நகரத்துக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் இயந்திரம் தானே வண்ணமும் தீட்டிற்று.

ஆரன் வேறு எவருடைய சித்திரத்தையும் பார்த்ததில்லை. அதற்குக் கண்ணே இல்லை. ஒரு மனிதர் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் தம் அறிவைத் துளித் துளியாக அதில் இட்டார். 2016-இல் அவர் காலமானார். 2024-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஆரன் மீண்டும் எழுதுகோலை அசைத்தது; முன்பு காணாத கோடுகளைக் காகிதத்தில் இட்டது. ஆனால் ஆசிரியர் இறந்ததை அது அறியாது. ‘இனி வேறு விதமாக எழுதிப் பார்ப்போம்’ என்னும் நாட்டம் அதனிடத்தில் எழவில்லை. மணிமேகலை மொழியில் சொன்னால், ஊறு இல்லை; ஆகவே நுகர்வு இல்லை; ஆகவே வேட்கையும் இல்லை. சேதனை எனப்படும் எண்ணித் துணிதலே வினை என்பது பகவன் கொள்கை. இயந்திரத்துக்குச் சேதனை உண்டென்று இதுவரை எவரும் நிறுவிக் காட்டவில்லை. ஆகவே ஆரன் தீட்டிய சித்திரங்களில் வினை யாருடையது என்றால், கோஹனுடையது. இதில் ஐயம் ஒன்றுமில்லை.

ஏலத்தில் போன சித்திரத்துக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரை ஓவியர்கள் தீட்டிய 15,000 உருவப்படங்கள் அவ்வியந்திரத்துக்குக் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதி உருவம் செய்யும். மற்றொரு பகுதி அது மனிதர் தீட்டியதா அன்றா என்று சோதிக்கும். சோதிப்பது ஏமாறும் வரையில் செய்வது திருந்திக்கொண்டே வரும். இம்முறையை 2014-இல் வகுத்தவர் இயன் குட்ஃபெலோ முதலிய அறிஞர். நிரலிலோ, ராபி பராட் என்னும் இளைஞர் யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாமெனப் பொதுவில் வைத்திருந்தது பெரும்பகுதி. பாரிஸ் நகரத்து மூன்று நண்பர்கள் அவற்றைக் கூட்டி ஒரு சட்டத்துக்குள் அடைத்தனர். இத்தனை கைகள்! மூலையில் இருந்ததோ ஒரு வாய்பாடு மட்டுமே. ‘இயந்திரம் படைத்தது’ என்ற ஒரு சொல்லில் அத்தனை பேரும் மறைந்து போயினர்.

இப்பொழுது வழங்கும் இயந்திரங்களின் நிலை இன்னும் பெரிது. 2022-இல் வெளியான ஒரு தொகுதியில், உலகத்து இணையப் பக்கங்களினின்று திரட்டிய 585 கோடிச் சித்திரங்கள் எங்கே உள்ளன என்னும் முகவரிகளும் அவற்றின் விளக்கச் சொற்களும் குறிக்கப்பட்டன. அதிலிருந்து எடுத்த பகுதிகளைக் கொண்டு பயிற்றிய இயந்திரம், புழுதி போல் சிதறிய புள்ளிகளினின்று தொடங்கிச் சிறிது சிறிதாகத் தெளிவித்து உருவம் காட்டுகிறது. அச்சித்திரங்களை எழுதியவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி என்பாரின் பெயரையே கட்டளையாக எழுதி, அவர் பாணியில் பல்லாயிரம் சித்திரங்களைப் பலர் வரவழைத்தனர். 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர்.

ஈண்டு நம் இரண்டாம் சீலத்தை எண்ணிப் பார்க்க. ‘திருடேன்’ என்பதனினும் அது நுட்பமானது. கொடுக்கப்படாததை எடுத்தலினின்று விலகுவேன் என்பது அதன் பொருள். பூட்டை உடைக்கவில்லையே, வாயில் திறந்துதானே கிடந்தது என்று சொல்வோர் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை.

‘ஓவியம் கற்பவனும் பிறர் ஓவியங்களைப் பார்த்துத்தானே கற்கிறான்?’ என்று சிலர் தடை எழுப்புவர். நல்ல தடை, தள்ளத்தக்கதன்று. கற்பவன் பார்க்கிறான், உண்மை. ஆயினும் அவன் ஆசிரியரின் பெயர் சொல்லுவான், நன்றியறிவான், ஆசிரியரினும் விஞ்சினாலும் அவரைப் போலவே ஒரு வயிறும் இரண்டு கைகளும் உடையவனாக அவர் பக்கத்தில் உட்காருவான். கோடிக்கணக்கானோரின் உழைப்பை ஓரிரவில் விழுங்கி, அவர்கள் பெற்றுவந்த வேலையையே குறைந்த கூலிக்குச் செய்து தருகிறேன் என்று அவர்கள் வாயிலில் நிற்கமாட்டான். அவ்வாறு நிற்பதும் இயந்திரம் அன்று; அதனை வைத்திருப்போரே.

இயந்திரத்தைத் தொடுவதே பாவம் என்று நாம் கூறவில்லை. அன்னா ரிட்லர் என்னும் ஓவியப் பெண்மணி 2018-இல் ஹாலந்து நாட்டில் டுலிப் மலர்களைப் பதினாயிரம் நிழற்படங்களாகத் தாமே எடுத்தார். ஒவ்வொன்றின் கீழும் நிறமும் நிலையும் தம் கையால் எழுதினார். அவற்றையே இயந்திரத்துக்குக் கொடுத்தார். அப்படங்களைச் சுவரில் பதித்துக் காட்சிக்கு வைத்தார். இயந்திரம் காட்டிய மலரின் பின்னே எவ்வளவு உழைப்பு உண்டென்பதைக் கண்டோர் கண்ணாலேயே அளந்தனர். இது நேர்மையான வேலை.

நீதிமன்றங்களும் இதனை விசாரித்துள்ளன. இயந்திரம் ஒன்றையே ஆசிரியராகப் பதிவு செய்யுமாறு அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், மனிதரே ஆசிரியராக இயலும் என்று 2023-இல் தீர்ப்பாயிற்று. 2025-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. சட்டம் அவ்வளவோடு நின்றது. மறைந்த கைகளை அது தேடவில்லை.

தேடியவர்கள் நம் பழம் பௌத்தர்கள். சாஞ்சியின் பெரிய தூபத்துத் தெற்குத் தோரணத்தில், இச்சிற்பவேலை விதிசை நகரத்துத் தந்தவேலைக்காரர் செய்தது என்னும் பொருள்படப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. அரசன் பெயருக்கு அஞ்சிக் கைவினைஞர் பெயர் ஒளிக்கப்படவில்லை. பொருள் கொடுத்த பிக்குணியரும் வணிகரும் இல்லறத்தாரும் நூற்றுக்கணக்கில் அங்கே பெயரோடு நிற்கின்றனர். மணிமேகலையிலும், ஒரு மண்டபத்தை வருணிக்க வந்த சாத்தனார், மகதத்தாரும் மராட்டியரும் அவந்தியாரும் யவனரும் தமிழ்க் கைவினைஞரோடு கூடி அதனைச் செய்தமையை மறவாது கூறுகிறார். பின்னாளிலோ அப்பெயர்கள் அழிந்தன. பௌத்தர்தம் நூல்களும் விழாக்களும் வேறு பெயரிட்டுக் கைக்கொள்ளப்பட்டன என்று பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய தம் இதழில் இடைவிடாது எழுதினார். அதனைப் படித்து வளர்ந்த மரபினர் நாம். பிறர் பெயரை அழித்து எடுப்பது நமக்குச் சிறு பிழையாகத் தோன்றலாகாது.

வரும் வைசாகப் பௌர்ணமிக்கு மேடைத் திரையை இயந்திரத்தைக் கொண்டு செய்யலாமென நம் இளைஞர் சிலர் யோசனை கூறினர். செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் பல ஆண்டுகளாக அத்திரையை எழுதித் தரும் உபாசகர் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அச்சடித்த விளம்பரத் துணிகள் வந்தபின் பாதி வேலையை இழந்தவர். சங்கத்தார் கூடிப் பேசினோம். திரை இவ்வாண்டும் தூரிகையாலேயே எழுதப்படும். கூலியும் முன்னதாகவே கொடுக்கப்படும். திரையின் கீழோரத்தில் எழுதியவர் பெயரும், சட்டம் அடித்த தச்சர் பெயரும், துணி அளித்த குடும்பத்தின் பெயரும் இருக்கும். அழைப்பிதழின் ஓரத்துக்கு இளைஞர்கள் தங்கள் வீட்டுத் தொட்டித் தாமரைகளைத் தாமே படமெடுத்து, இயந்திரத்தின் துணையால் ஒரு வளையம் செய்து வருகின்றனர். அதன் கீழே அவ்வாறே அச்சிடப்படும். பெயர்களைப் பிழையின்றி எழுதித் தர விரும்புவோர் ஞாயிறு மாலை வந்தனைக்குப் பின் எழுத்தரிடம் கொடுக்கலாம்.