இல்லாத பசிக்கு யார் பொறுப்பு?

வயிறு இருப்பவற்றுக்கே பசி உண்டு. வயிறே இல்லாத ஒன்றுக்குப் பசிக்குமா? கேட்பதற்கு இது வேடிக்கையான கேள்வி. ஆனால் உலகின் பல பாகங்களில் எத்தனையோ பிள்ளைகள் வயிறில்லாத ஒரு பிராணிக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டு, படிப்பை நிறுத்திவிட்டு, உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கணினித் திரையின் முன் ஓடி வந்து அமருகின்றனர். ஆகவே இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிடாமல் நாம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மெய்நிகர் செல்லப்பிராணி என்பது இதுதான். இணையதளத்தில் ஒரு பிராணியின் படம் இருக்கும். அதற்குப் பெயர் வைக்கலாம்; நிறம் மாற்றலாம்; உடை அணிவிக்கலாம். இவ்வளவோடு நின்றால் அது ஒரு பொம்மை. அதில் எந்தத் தர்க்கமும் இல்லை. ஆனால் தளத்தை நடத்துகிறவர் ஒரு நாள், "இதற்கு உடல்நலமும் மனநிலையும் சேர்த்தால் என்ன?" என்று நினைக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது கணக்கேட்டில் இரண்டு கட்டங்களை அதிகப்படுத்துவது போன்ற சிறு வேலை. ஆனால் அந்த இரண்டு கட்டங்கள் வந்தவுடன் படத்துக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு பந்தம் பிறந்துவிடுகிறது. நேற்றுவரை பார்த்துக்கொண்டிருந்தவன் இன்று பொறுப்பாளியாகிவிடுகிறான். இந்தப் பொறுப்பை அவன் தலையில் வைப்பது முறையா? வைத்தால் எந்த அளவுக்கு வைக்கலாம்? இதுவே நம் முன்னுள்ள விஷயம்.

இது எப்படித் தொடங்கியது?

1996 நவம்பர் 23ஆம் தேதி ஜப்பானில் பண்டாய் நிறுவனம் 'தமாகோச்சி' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அகிஹிரோ யோகோய், அகி மைத்தா என்ற இருவரின் முயற்சியில் உருவானது அது. முட்டை வடிவம், மூன்று பொத்தான்கள், உள்ளே ஒரு சிறு உயிர் போன்ற உருவம். பசிக்கு நான்கு இருதயக் குறிகள். மகிழ்ச்சிக்கு நான்கு இருதயக் குறிகள். அவை காலியானால் கருவி கூவி அழைக்கும். உணவு கொடுக்க வேண்டும், விளையாட வேண்டும், அசுத்தத்தை அகற்ற வேண்டும், நோய் வந்தால் மருந்து தர வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது மவுத்தாகிவிடும். ஜப்பானியக் கருவியில் ஆவியும் கல்லறையும் தோன்றின. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு அனுப்பியபோது, அது சிறகு முளைத்துப் போவதாகவோ தன் சொந்தக் கிரகத்துக்குத் திரும்பிவிட்டதாகவோ காட்டினார்கள். மரணத்துக்கு வேறு வேஷம் போட வேண்டியிருந்தது என்றால், அந்த மரணம் பிள்ளைகளின் மனத்தைத் தொடும் என்பது விற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்?

மறு ஆண்டே, 1997இல், நகைச்சுவைக்காக வழங்கப்படும் 'இக் நோபல்' பரிசு பொருளாதாரப் பிரிவில் அவ்விருவருக்கும் அளிக்கப்பட்டது. மனிதர்களின் பல லட்சக்கணக்கான வேலை நேரத்தை இல்லாத பிராணியை வளர்ப்பதில் திருப்பிவிட்டார்கள் என்பதே காரணம். சிரிப்புக்காகச் சொன்னது, ஆனால் சிரித்து முடித்த பிறகும் அந்த வார்த்தை மனத்தில் நிற்கிறது.

1999 நவம்பர் 15ஆம் தேதி பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் பவல், டோனா வில்லியம்ஸ் என்ற இருவர் 'நியோபெட்ஸ்' என்னும் இணையதளத்தைத் தொடங்கினர். இங்கும் பிராணிகளுக்குப் பசி உண்டு, மனநிலை உண்டு, நோய்கள் உண்டு, மருந்துக்கடையும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். பசி முற்றினால் 'சாகும் நிலையில்' என்று தளம் காட்டும். பிராணியோ ஒருபோதும் சாவதில்லை. ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டுத் திரும்பினாலும் அது அதே நிலையில் காத்துக்கொண்டிருக்கும். வெளியூர் போகிறவர்கள் பிராணியை விட்டுச் செல்ல விடுதி ஒன்றும் வைத்தார்கள். இந்தத் தளத்தை 2005ஆம் ஆண்டு வயாகாம் நிறுவனம் 16 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இல்லாத பிராணிகளுக்கு இருக்கும் விலை அது. உண்மையில் விலை பிராணிகளுக்கா, அவற்றைத் தேடித் தினந்தோறும் திரும்பி வரும் பிள்ளைகளுக்கா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பசி எங்கே இருக்கிறது?

இப்போது அந்தப் பசி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். தளத்தின் கணக்கில் பிராணியின் பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். 100 என்றால் நிறைவு. 0 என்றால் பட்டினி. இதைக் குறைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறித்த நேரத்துக்கு ஒருமுறை எல்லாப் பிராணிகளின் எண்ணையும் கணினி குறைத்துக்கொண்டே வருவது ஒரு வழி. கடைசியாக உணவளித்த நேரத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளை மறுபடி வந்து பக்கத்தைத் திறக்கும்போது இடைப்பட்ட மணிகளைக் கணக்கிட்டு அந்த அளவுக்குக் கழித்துக் காட்டுவது மற்றொரு வழி. பின்னது எளிது என்பதால் பலரும் அதையே விரும்புவர்.

இரண்டாவது வழியைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். பிள்ளை இல்லாத நேரத்தில் பிராணி பசித்திருக்கவில்லை. எண் கூட மாறவில்லை. பிள்ளை வந்து பார்த்த அந்த நொடியில்தான் மூன்று நாள் பட்டினியும் ஒரே கணக்கில் பிறக்கிறது. பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் பசியும் இல்லை! அப்படியானால் அந்தப் பசி எங்கே இருக்கிறது? பிராணியிடம் இல்லை. கணினியிடமும் இல்லை. பக்கத்தைத் திறந்து பார்த்து, "ஐயோ, மூன்று நாளாகப் பட்டினி போட்டுவிட்டேனே!" என்று துடிக்கும் பிள்ளையின் உள்ளத்தில்தான் இருக்கிறது.

"வெறும் படத்துக்காக ஏன் துடிக்க வேண்டும்? நிழலை அடித்தால் நிழலுக்கு வலிக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நிழலுக்கு வலிக்காது; அது சரி. ஆனால் மனித உள்ளம் அப்படி அமைந்திருக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் 'எலிசா' என்னும் கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்கு அதிகம் தெரியாது. ஆயினும் அவருடைய காரியதரிசியே அதனோடு பேசத் தொடங்கியபின், அறையை விட்டுச் சற்று வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரீடம் பேர்ட் என்பவர் ஒரு சோதனையை முன்மொழிந்தார். ஒரு சாதாரண பொம்மை, 'ஃபர்பி' என்னும் பேசும் பொம்மை, உயிருள்ள ஜெர்பில் என்ற சிறு பிராணி ஆகிய மூன்றையும் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதே அது. உயிருள்ள பிராணியை உடனே திருப்பி வைத்தார்கள். சாதாரண பொம்மையைக் கை வலிக்கும்வரை பிடித்திருந்தார்கள். "பயமாயிருக்கிறது" என்று முனகிய ஃபர்பியோ இரண்டுக்கும் நடுவில் நின்றது. அது இயந்திரம் என்று அறிந்தே, பொறுக்க முடியாமல் திருப்பி வைத்தார்கள்.

இது அறியாமையா? அறியாமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. முனகல் கேட்டவுடன் ஆராய்ச்சி செய்யாமல் கை நீள்வதே இரக்கத்தின் இயல்பு. உண்மையான முனகலா, பொய்யான முனகலா என்று முதலில் விசாரித்துவிட்டு இரங்கும் உள்ளம், உண்மையான முனகலுக்கும் தாமதமாகவே இரங்கும். பிராணிகளிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதர்களிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான் என்று ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட் கூறியதும் இந்த அடிப்படையில்தான். ஆகவே படத்துக்காகக் கலங்கும் பிள்ளையிடம் குற்றம் எதுவும் இல்லை. கேள்வி அந்தக் கலக்கத்தை உண்டாக்கியவரைப் பற்றியது.

யாருக்காகப் பசிக்கிறது?

உயிருள்ள பூனைக்குப் பசிக்கிறது. அந்தப் பசி பூனைக்காகவே பசிக்கிறது. அது உயிர் வாழ வேண்டும் என்பதற்காக. உண்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிடும். நம்மையும் விட்டுவிடும். உண்மையான பசிக்கு ஓர் எல்லை உண்டு. ஆறிவிட்டால் அது கடன் தீர்ந்தது போல.

திரையிலுள்ள பிராணியின் பசி யாருக்காகப் பசிக்கிறது? பிராணிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. மணிக்கு எத்தனை எண் குறைய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று வைத்திருக்கலாம்; நான்கு மணிக்கு ஒருமுறை வந்தே தீரவேண்டும் என்றும் வைத்திருக்கலாம். இரண்டும் ஓர் எண்ணை மாற்றுவதுதான். அந்த எண்ணை எழுதும்போது அவருடைய நிய்யத்து என்ன? பிள்ளைக்கு ஒரு நல்ல விளையாட்டைத் தருவதா, பிள்ளையின் இரக்கத்தைக் கயிறாக்கி அவனை இழுத்துக் கட்டுவதா? பிள்ளையின் நேரம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

"கதாசிரியனும் இல்லாத பசியைத்தானே காட்டி நம்மை அழ வைக்கிறான்? அதுவும் குற்றமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதையில் வரும் ஏழையின் பசியும் கற்பனையே. ஆனால் கதை முடிகிறது. அழுதவன் எழுந்து, முன்னைவிட இளகிய நெஞ்சோடு தன் வேலைக்குப் போகிறான். இன்று நீ வரவில்லை, ஏழை இன்னும் பட்டினி என்று கதை நமக்கு ஆள் அனுப்புவதில்லை. இங்கேதான் வித்தியாசம். உள்ளத்தை இளக்கிவிட்டு நம்மைப் போகவிடுவது ஒன்று. இளகிய இடத்தில் கொக்கி மாட்டுவது வேறொன்று.

"பொறுப்புணர்ச்சி வளர்கிறதே?" என்பது பெற்றோர் பலரும் சொல்லும் சமாதானம். இதில் பாதி உண்மை இருக்கிறது. நேரத்துக்கு ஒரு காரியத்தைச் செய்யும் பழக்கம் வரலாம். ஆனால் பிராணியை வளர்ப்பதில் முக்கியமான பாடம் வேறு. பூனையின் தலைக்கு மேல் எண் ஓடுவதில்லை. நோயுற்றாலும் அது மறைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. வழக்கமான இடத்தில் படுக்கவில்லையே, தட்டில் பாதி மிச்சமிருக்கிறதே, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவில்லையே என்று நாம்தான் கவனித்துக் கண்டுகொள்ள வேண்டும். திரையோ 'உடல்நலம் 40' என்று எழுதிக் காட்டிவிடுகிறது. எழுதிக் காட்டினால்தான் துன்பம் புரியும் என்று பழகிய கண், எழுதிக் காட்டத் தெரியாத வாயில்லா ஜீவனை எப்படிப் புரிந்துகொள்ளும்? தாயின் சோர்வையும் பாட்டியின் மௌனத்தையும் எப்படிப் படிக்கும்?

மனநிலை இதைவிட நுட்பமானது. பரிசு வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சி 10 கூடும், வராமலிருந்தால் 10 குறையும் என்று வைத்துவிட்டால், அன்பு என்பது வாங்கி அடைக்கும் பாக்கி என்று ஆகிவிடுகிறது. அதிலும் அந்தப் பரிசு காசுக்கு விற்கப்படுமானால், கேட்க வேண்டாம்! நோயை உண்டாக்குகிறவரே மருந்தையும் விற்கும் வியாபாரம் அது. வெளியுலகில் ஒரு வைத்தியர் இப்படிச் செய்தால் ஊர் அவரை என்னவென்று அழைக்கும்?

இன்னொரு கடினமான விஷயமும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். 1996இல் ஸ்டீவ் கிராண்ட் என்பவர் உருவாக்கிய 'க்ரீச்சர்ஸ்' என்னும் விளையாட்டில் வந்த பிராணிகளுக்கு வெறும் எண் மட்டும் வைக்கப்படவில்லை. இரசாயனங்களைப் போன்ற அமைப்பும், நரம்புகளைப் போன்ற அமைப்பும் உள்ளே வைக்கப்பட்டன. பசி அவற்றின் நடத்தையை உள்ளிருந்தே மாற்றியது. தட்டிக்கொடுத்தாலும் தண்டித்தாலும் அவை கற்றுக்கொண்டன. அவற்றுக்கு வேதனை தெரியும் என்று நாம் கூறவில்லை. ஆனால் நமக்குக் காட்டுவதற்காக மட்டும் எழுதிய பசிக்கும், உள்ளேயே வேலை செய்யும் பசிக்கும் வேற்றுமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இத்தகைய அமைப்புகள் வளர வளர, 'வெறும் படம்தானே' என்ற பதில் நாளுக்கு நாள் கனம் குறைந்துகொண்டே வரும்.

என்ன செய்யலாம்?

உடல்நலமும் மனநிலையும் சேர்க்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சேர்க்கிறவர் சில வரம்புகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதலாவது, பிள்ளை இல்லாத நேரத்தில் பிராணி உறங்கட்டும். கணக்கு எப்படியும் அவன் திரும்பி வரும்போதுதான் போடப்படுகிறது. அதை இரக்கத்தோடு போடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் மார்க்கமில்லாத விளையாட்டு விளையாட்டல்ல.

இரண்டாவது, பராமரிப்புக்கு ஒரு முடிவு இருக்கட்டும். "இன்றைக்குப் போதும், நான் நிறைவாயிருக்கிறேன்" என்று பிராணியே சொல்லிப் பிள்ளையை அனுப்பிவைக்கட்டும்.

மூன்றாவது, எண்ணை மறைத்து அடையாளத்தைக் காட்டட்டும். காது தாழ்வதும் நடை தளர்வதும் கொண்டு பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். கவனிக்கக் கற்றுக்கொள்வது எங்கும் உதவும்.

நான்காவது, நோயும் சோகமும் விற்பனைச் சரக்காக வேண்டாம். அழகுக்கு உடை விற்கட்டும். ஆறுதலை விற்க வேண்டாம்.

ஐந்தாவது, "நீ என்னை மறந்துவிட்டாய்" என்று பிராணியின் பெயரால் கடிதம் எழுத வேண்டாம். அது பிராணியின் வார்த்தையல்ல. பிராணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகிறவரின் வார்த்தை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை திரையைப் பார்த்துக் கண்கலங்கினால் கேலி செய்யாதீர்கள். "பொம்மைக்காகவா அழுகிறாய்?" என்று கேட்டால் அவன் அழுகையை விடுவதோடு இரக்கத்தையும் விட்டுவிடக்கூடும். அவனை அருகில் அழைத்து, அந்த எண் எப்படிக் குறைகிறது, அதை யார் குறைக்கிறார், எதற்காகக் குறைக்கிறார் என்று விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். பிறகு வாசலில் வெயிலில் வந்து நிற்கும் பூனைக்கும் காக்கைக்கும் ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கும் வேலையை அவனிடம் ஒப்படையுங்கள். அது குறைந்துவிட்டதா என்று எந்தத் திரையும் சொல்லாது. அவனே போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.