அதேன்ஸ் மாநகரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கிரேக்க தேச சரித்திரத்தைப் போர்களின் பெயர்களும் ஆண்டுகளும் நிரம்பிய அட்டவணையாக மாணாக்கருக்கு ஒப்புவிக்கும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. அவ்வாறு கற்பிக்கப்படும் சரித்திரம் பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படும். செய்த வினை செய்தாரையே சென்று பற்றும் என்பதை நாம் சமயநூல் வாயிலாக அறிந்துள்ளோம். அதேன்ஸ் நகரத்தார் கதை அவ்வுண்மையை ஆண்டும் இடமும் குறித்துக் காட்டுவதாகலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கிரேக்க தேசம் மலைகளாலும் கடலாலும் பலவாகப் பிரிவுண்டு கிடப்பது. ஆதலின் ஒவ்வொரு நகரமும் தனித்தனி அரசாயிற்று. அவற்றுள் அதேன்ஸ் நகரத்தார் அயோனியர் என்னும் கிளையைச் சார்ந்தவர். நம் பழந்தமிழ் நூல்களில் வரும் யவனர் என்னும் பெயர் அவ்வயோனியர் பெயரையே மூலமாக உடையது. அந்நகரிலே கடன்பட்ட ஏழைகள் தம் உடலையே ஈடுவைத்து அடிமைகளாகிய கொடுமையை, கி. மு. 594 இல் சோலன் என்பார் சட்டத்தால் ஒழித்தனர். கி. மு. 508 இன் பின் கிளைஸ்தனீஸ் என்பார் செய்த திருத்தங்களால் குடிகளே கூடி ஆளும் முறை வேரூன்றிற்று.

கி. மு. 483 இல் அந்நகர்க்குரிய லோரியன் சுரங்கத்தில் மிக்க வெள்ளி கிடைத்தது. அதனை ஆளுக்குப் பத்துத் திராக்மா நாணயமாகப் பங்கிடுவோம் என்று பலர் எண்ணினர். தெமிஸ்தக்கிளீஸ் என்பார், பங்கிடாது மரக்கலங்கள் கட்டுக எனக் கூற, நகரத்தாரும் இசைந்தனர். கி. மு. 480 இல் பாரசீக வேந்தன் சேர்க்ஸஸ் பெருஞ்சேனையுடன் வந்து நகரை எரித்தான். நகரத்தாரோ ஊரைத் துறந்து கலமேறிச் சலாமிஸ் கடலிலே அவன் கப்பற்படையைச் சிதறடித்தனர். கைக்கு வந்த பொருளைப் பொதுநலம் கருதி விட்டுக்கொடுத்த அவ்வொரு செயல் கிரேக்கர் அனைவரையும் காத்தது.

வெற்றியின் பின், பாரசீகரைத் தடுத்தற்பொருட்டுப் பல தீவுகளும் நகரங்களும் அதேன்சுடன் ஒரு கூட்டுறவு செய்து திரவியம் அளித்தன. டீலோஸ் தீவிலிருந்த அத்திரவியம் கி. மு. 454 இல் அதேன்சுக்குக் கொண்டுவரப்பட்டது. நட்பாய்த் தந்த பொருள் திறையாயிற்று; விலக முயன்ற நகரங்கள் படைவலியால் ஒடுக்கப்பட்டன. கி. மு. 447 இல் தொடங்கி 432 இல் முற்றுப்பெற்ற பார்த்தினன் என்னும் பேராலயம் எழுந்த காலம் இதுவே. சோபக்கிளீஸ், யூரிப்பிடீஸ் முதலியோர் நாடகங்களும் இக்காலத்தனவே. இவை இன்றும் வியக்கத்தக்கன. ஆயினும் அந்நகரின் சுரங்கங்களில் வெள்ளியை அகழ்ந்தோர் அடிமைகள் என்பதையும், சபையிலே பெண்களுக்கு உரிமை இல்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது.

கி. மு. 431 இல் ஸ்பார்த்தருடன் பெரும்போர் மூண்டது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் புகுந்து பல்லாயிரவரை வாரிச் சென்றது. தலைவராகிய பெரிக்கிளீஸும் கி. மு. 429 இல் மாண்டனர். கி. மு. 416 இல் அதேன்ஸ் படை மேலோஸ் என்னும் சிறு தீவைச் சூழ்ந்து பணியக் கேட்டது. மேலோசியர் நீதியையும் தெய்வத்தையும் நம்பி மறுத்தனர். வல்லார் ஆள்வதும் மெல்லியார் அடங்குவதுமே இயற்கை என்று அதேன்ஸ் தூதர் வாதித்ததாகத் துசிடைடீஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதுகின்றனர். தீவு வீழ்ந்தது. ஆடவரைக் கொன்றனர், மகளிரையும் மக்களையும் அடிமைகளாக விற்றனர்.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே, செருக்கு மேலிட்டுச் சிசிலித் தீவைக் கைக்கொள்ளப் பெரும்படை அனுப்பினர். கி. மு. 413 இல் அப்படை முற்றும் அழிந்தது. சிறைப்பட்டோர் சிராக்கூஸ் நகரின் கற்குழிகளிலே வெயிலாலும் பசியாலும் வாடி மடிந்தனர். அக்காலத்திலே ஸ்பார்த்தர் டெக்கிலீயா என்னுமிடத்தில் அரண் கட்டியிருப்ப, இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் அதேன்சை விட்டு ஓடினர். கி. மு. 405 இல் எஞ்சிய கப்பற்படையும் அழிந்தது. அச்செய்தி வந்த இரவிலே நகரத்தில் ஒருவரும் உறங்கிலர் என்றும், மேலோசியருக்குத் தாம் செய்தது தமக்கும் நேருமென்று அஞ்சினரென்றும் ஸெனபன் என்பார் எழுதுகின்றனர்.

அவ்வச்சம் வீண் அன்று. கொரிந்தியரும் தீபரும் அந்நகரை அழித்துவிடுக என்றே கேட்டனர். ஸ்பார்த்தரோ, கிரேக்கருக்குப் பேரிடர் வந்த காலத்திற் பெருநன்மை செய்த நகரத்தை அடிமையாக்கோம் என மறுத்தனர். கி. மு. 404 இல் நெடுமதில்கள் இடிக்கப்பட்டன, நகரம் பிழைத்தது. மேலோசிற் செய்த தீவினை அச்சமாய் வந்து சூழ, முன்னோர் பாரசீகரை எதிர்த்து நின்ற நல்வினை கேடயமாய் வந்து காத்தமை காண்க!

நிற்க. தோல்வியினும் பெரிய இழுக்கு ஒன்று பின்னர் நேர்ந்தது. கி. மு. 399 இல், இளைஞரைக் கெடுத்தார் என்றும் நகரத்துத் தெய்வங்களை மதித்திலர் என்றும் குற்றஞ்சாட்டி, எழுபது வயதினராகிய சோக்கிறதீஸ் என்னும் ஞானாசிரியருக்கு நஞ்சூட்டினர். அதேன்ஸின் அரசு கி. மு. 338 இல் மக்கெதோனியருக்கு அடங்கியது, கி. மு. 146 இல் உரோமர் கொரிந்து நகரை அழித்துக் கிரேக்கரைத் தம் ஆணைக்கீழ்க் கொண்டனர். ஆயின் சோக்கிறதீஸின் மாணாக்கர் பிளேற்றோ, பிளேற்றோவின் மாணாக்கர் அரிஸ்தோத்தில் என்னும் அவ்வழி அறுந்திலது. வென்ற உரோமரே தம் மக்களைக் கிரேக்க ஆசிரியரிடத்துக் கற்கவிட்டனர்.

உபாத்தியாயர்களே! மதிலும் மரக்கலமும் திறைப்பொருளும் போயின. ஓர் ஆசிரியர் மாணாக்கர்க்குக் கொடுத்தது நின்றது. இச்சரித்திரத்தைக் கற்பிக்கும்போது சலாமிஸை மாத்திரம் புகழ்ந்து மேலோசை மறைத்தலும், மேலோசை மாத்திரம் இகழ்ந்து பார்த்தினனை மறத்தலும் நடுவுநிலை ஆகா. வெள்ளியைப் பங்கிடாத நாளையும் திறையாற் செருக்கிய நாளையும் ஒருங்கு வைத்து, இவற்றுள் எதனை நீ செய்வாய் என்று ஒவ்வொரு மாணாக்கனையும் வினவுங்கள். அவ்வினாவுக்கு அவன் தன் நெஞ்சறிய விடைகூறக் கற்பானாயின், நாம் கற்பித்த சரித்திரம் பயன்பட்டதாகும்.