நித்தியப்படியும் திருவிழாவும்

திருவிழாவுக்கு எழுந்தருளும் அடியார்கள் திருக்கோயிலின் ஒரு வழக்கத்தை எளிதில் கவனியாமல் போய்விடுவதுண்டு. உற்சவ நாட்களில் புளியோதரையும் அக்காரவடிசிலும் அண்டா அண்டாவாகத் தளிகையாகின்றன. கூட்டம் கலைந்த மறுநாள் காலையிலோ? பெருமாளுக்கு அமுதுபடி இவ்வளவு, திருவிளக்குக்கு எண்ணெய் இவ்வளவு என்று திட்டம் செய்துவைத்த நித்தியப்படி அன்றும் நடக்கிறது. சேவிக்க ஒருவர் வாராவிட்டாலும் நடக்கிறது.

முதியோர் இல்லங்களுக்கு நாம் செய்யும் தானமோ பெரும்பாலும் உற்சவமாகவே இருக்கிறது. பிறந்தநாள், திதி, மணநாள் என்று ஒரே நண்பகலில் மூன்று குடும்பத்தார் பாயசத்தோடு வந்து நிற்பதுண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை பருப்பு தீர்ந்திருப்பதும் உண்டு. புடைவைகள் அலமாரியில் குவிந்திருக்க, படுக்கையில் கிடப்பவர்க்கு மாற்று விரிப்பு இராது. கொடுத்தவர் மனம் குளிர்ந்து வீடு திரும்புகிறார். அக்குளிர்ச்சி பொய்யன்று, ஆயினும் தானத்துக்கு அளவுகோல் கொடுப்பவர் மனநிறைவா, பெறுபவர் தேவையா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இதற்கு ஒரு பெருமாள் கோயிலின் கல்வெட்டே விடை வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068-69 அளவில் பொறிக்கப்பட்டது அது. அங்கே வீரசோழன் என்ற பெயரால் ஓர் ஆதுலசாலை இருந்தது. படுக்கைகள் பதினைந்து. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர் இருவர், மருந்தடும் பெண்டுகள் இருவர், நீர் வார்ப்பவர், நாவிதர் என ஒவ்வொருவர்க்கும் ஊதியம். இரவு விளக்குக்கு எண்ணெய். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும். உடன் இருந்த மாணவர்க்கோ சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குக்கூட ஒதுக்கீடு உண்டு! கருணையைப் பற்றி நீண்ட பேச்சு இல்லை. நாழிக் கணக்கே இருக்கிறது. அந்தக் கணக்கே கருணையாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

கணக்கு ஏன் வேண்டும்? முதுமையில் உடல் வற்றினாலும் புரதத்தின் தேவை வற்றுவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு ஏறக்குறைய ஐம்பது கிராம். ரசமும் சோறும் மட்டும் வைத்தால் வயிறு நிறையும், இத்தொகை நிறையாது. பற்கள் போனவர்க்குக் குழைந்த பருப்பும், சர்க்கரை நோயுடையவர்க்கு இனிப்பில்லா உணவும் வேண்டும். திருப்புல்லாணிப் பாயசமேயானாலும் அவர்க்கு ஒரு துளிப் பிரசாதம்தான்.

தாகமும் முதுமையில் மங்கிவிடுகிறது. கேட்டபோது கொடுப்போம் என்றிருந்தால் முதியவர் கேட்கமாட்டார். வேளைக்கு வேளை நீட்ட வேண்டும். நிலத்தடி நீர் உவர்த்து, நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணிப் பழகிய சாயல்குடிச் சீமையினர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

சோறும் நீரும் மட்டுமே பராமரிப்பு ஆகிவிடாது என்பதையும் இக்கடற்கரை அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு என்ற சொல்லுக்குள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் நான்கையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்றும் கூறுகிறது.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் கொடுக்கக்கூடிய ஏழை, தன் கையை மடக்கிக்கொள்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழங்காலத்தில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டனர். சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். மந்தை குறையாமல் நிற்க, அதன் பயனால் வந்த நெய் நாள்தோறும் எரிந்தது. முழு விளக்குக்கு இயலாதவர் அரை விளக்குக்குக் கொடுத்ததையும் கல்வெட்டுகள் மறைக்கவில்லை. அவ்வாறே பத்துக் குடும்பங்கள் கூடி ஓர் இல்லத்தின் துவரம்பருப்பை மட்டும் ஏற்கலாம்; மற்றொரு தெருவார் சோப்பையும் விரிப்புகளையும் ஏற்கலாம். அதற்கு முன் சமையற்கட்டில் நுழைந்து, எது எந்தக் கிழமையில் தீர்கிறது என்று ஒருமுறை கேட்டுவர வேண்டியிருக்கும்.