மோந்து பார்

கரித்துணிக்கென்று ஒரு வாடை உண்டு. புளித்த மாவு, பழைய எண்ணெய், காயாத ஈரம் எல்லாம் சேர்ந்து வருகிற வாடை. சிக்கு வாடை என்பார்கள், மக்கல் வாடை என்பார்கள். மேடை துடைக்கும் துணி, பாத்திரம் துடைக்கும் துணி, கை துடைக்க மாட்டியிருக்கும் துண்டு எல்லாவற்றிலும் அது ஏறும். அதைப் போக்குவது எப்படி என்பது பெண்கள் பெண்களுக்குச் சொல்லித் தருகிற அறிவு. அதை யார் போக்க வேண்டும் என்பதை நாம் ஓரளவு பேசியிருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வாடை அடிக்கிறது என்பது யாருக்குத் தெரிய வேண்டும்? ஒன்றை அறிந்திருப்பதே ஒருவரின் கடமையாக இருக்க முடியுமா?

முதலில் வாடையைப் பார்த்துவிடுவோம். பருத்தி நூல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே பால், தயிர், மாவு, எண்ணெய்ப் பிசுக்கு, நம் கைப் பசை எல்லாம் நூலுக்குள் போய்த் தங்கும். பாக்டீரியாக்கள் இவற்றைத் தின்று, எளிதில் ஆவியாகிற அமிலங்களை வெளிவிடுகின்றன. மூக்கில் ஏறும் புளிப்பு அதுதான். துவைத்த துணியிலும் விடாமல் அடிக்கிற ஈர அழுக்குத்துணி வாடைக்குக் காரணமான அமிலத்தை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதை உண்டாக்குவது மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்றும் காட்டினார்கள். மனிதர்கள் வாழும் இடங்களில் சாதாரணமாக இருப்பது அது. உலர்ந்தாலும் சாகாது, வெயிலின் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்கும். கொடியில் காய்ந்த துணியில் வாடை போய்விட்டது போலிருப்பதும், நனைத்த உடனே திரும்பி வருவதும் இதனால்தான். வாசனைத் திரவத்தில் அலசுவதால் பயனில்லை. நூலின் மேல் ஒரு படலம் படிந்து துணி ஈரத்தை உறிஞ்சுவதும் குறையும், வாடையும் அடியில் அப்படியே கிடக்கும்.

போக்குவதற்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும். ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் நாலைந்து லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. ஆப்ப சோடா அல்ல, துணிக்குப் போடும் சோடா. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துக் கறுக்க வைக்கும். வெள்ளைப் பருத்தித் துணிகளைப் போட்டு பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சோடா பிசுக்கை இளக்கும், சூடு கிருமியைக் கொல்லும். பிறகு இரண்டு தண்ணீர் அலசி, மடிக்காமல் விரித்துக் காயப்போட வேண்டும். குழாயின் கழுத்திலோ கேஸ் குழாயின் மேலோ சுருட்டிப் போட்ட துணி உள்ளே காயவே காயாது. ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் எதுவும் காயாது என்பதால், அந்த மாதங்களில் கூடுதலாக நாலு துணி வைத்துக்கொண்டு தினம் மாற்றுவதுதான் வழி. சிலர் வினிகரில் ஊறவைப்பார்கள், சிலர் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

செய்முறை இவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாம். அப்படியிருந்தும் என் வீட்டிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளிலும் கொதிக்கவைக்கும் நாள் எது என்று முடிவு செய்வது ஒரே ஆள்தான். அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

“எனக்கு ஒண்ணும் வாடை தெரியலையே” என்று சொல்கிற ஆண் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பொய் என்றால் தீர்ப்பு சொல்வது எளிது. அடுத்து வருகிற “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?” என்பதிலும் உண்மை இருக்கிறது. சொன்னால் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரியாத ஒன்றுக்காக ஒருவரைக் குறை சொல்வது நியாயமா?

பெண்களுக்கு மூக்கு கூர்மை என்று ஒரு பதில் வரும். வாசனையைக் கண்டறியும் சோதனைகளில் பெண்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னால் நிற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, ஒரு வீட்டின் வேலைப் பங்கீட்டைத் தாங்கி நிற்கும் அளவுக்குப் பெரிதல்ல. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாடைக்குள்ளேயே சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். கருவாட்டுக் கடைக்குள் நுழையும்போது அடிக்கிற வாடை, பேரம் முடிவதற்குள் குறைந்துவிடுவது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்த்தால் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் கரித்துணியின் வாடை முதலில் மரத்துப்போக வேண்டும். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் அது பளிச்சென்று அடிக்க வேண்டும். நம் வீடுகளில் தலைகீழாக நடக்கிறது.

அதே ஆணின் மூக்கு மற்ற இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. சாம்பார் ஊசிவிட்டதை முதல் கவளத்திலேயே சொல்லிவிடுகிறார். வண்டியில் பெட்ரோல் கசிந்தால் தெருமுனையிலேயே நின்று பார்க்கிறார். டீக்கடையில் பால் அடிபிடிக்கும் வாடையை நாலு பேரிடம் பேசிக்கொண்டே கண்டுபிடிக்கிற மாஸ்டர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். தீய்ந்த பாலில் டீ போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அதனால் மூக்கு விழித்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் புலன் விழித்திருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி கை துடைத்துவிட்டு முகம் சுளித்தால், யார் முகம் வாடும்? “வீட்டுல பொம்பளை இருக்காளா இல்லையா” என்ற பேச்சு யாரைத் தேடி வரும்? அந்தப் பேச்சுக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகப் பழகிய மூக்கைத்தான் நாம் பெண்ணின் இயல்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் ஒருமுறை இதைப் பேசியபோது ஒரு மாணவி சொன்னாள்: “மேடம், எங்க அண்ணனுக்கு அவன் சாக்ஸ் நாத்தமே தெரியாது. ஆனா என் ரூம்ல நெயில் பாலிஷ் போட்டா ஹால்ல இருந்து கத்துவான்.” வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் இன்னொருத்தி கேட்டாள், “அப்ப தெரியாம இருக்கிறதுக்கும் ஒரு உரிமை வேணுமா மேடம்?” நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு வரியில் கேட்டுவிட்டாள்.

தெரியாமல் செய்த செயலுக்கு ஒருவர் பொறுப்பா என்பது பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் தெரிந்திருக்க முடியாதது ஒன்று. கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு மன்னிப்பு இல்லை என்கிறார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை தருகிற சட்டத்தை உதாரணம் காட்டுகிறார். என்ன செய்கிறோம் என்று அப்போது தெரியாவிட்டாலும், அந்த நிலைக்குப் போகாமல் இருப்பது அவர் கையில் இருந்தது. கரித்துணியின் வாடை இந்த இரண்டாவது வகை. தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம், துணியை எடுத்து மூக்கருகே வைத்தால் போதும். அதை வைக்க ஒருபோதும் தேவைப்படாத வாழ்க்கை ஒருவருக்கு அமைந்திருக்கிறது என்றால், அந்த அறியாமைக்கான விலையை வேறொருவர் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

அந்த விலை கணக்கில் வருவதில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் வீட்டாருக்காக ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். செய்கிறவர்களில் பெண் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். இந்த எண்களை நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. துணியை மோந்து பார்க்க இரண்டு நொடி போதும். சோடா தீர்ந்துவிட்டதே என்று பேருந்தில் நினைவுக்கு வருவதற்கு நேரமே ஆவதில்லை. எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத வேலை இது. எழுத முடியாததைப் பங்குபோடக் கேட்பதும் கடினம்.

அதனால்தான் வேலையைப் பிரித்த பிறகும் பல பெண்களுக்குக் களைப்பு குறைவதில்லை. என் மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அடுப்படித் துணிகளை அவன் பொறுப்பில் விட்டேன். நன்றாகவே செய்தான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, “அம்மா, இன்னிக்குத் துணி மாத்தணுமா?” என்று கேட்பான். கேட்கும்போதே வேலையின் பாதி என்னிடம் திரும்பி வந்துவிடுகிறது. அவன் கையைக் கொடுத்தான், மூக்கைக் கொடுக்கவில்லை. நான் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதை நிறுத்திக்கொண்டு, “மோந்து பாருடா” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். முதல் சில வாரம் முகத்தைச் சுளித்தான். பிறகு கேட்பது நின்றது. ஒரு புதன்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அடுப்பில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. இருபது வருடம் இல்லாத மூக்கு ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிட்டது.

இத்தனை பாடுபடுவதற்குப் பதில் வாடையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன என்று சில தோழிகள் கேட்பார்கள். சுத்தம் என்ற பெயரில் பெண்ணின் கழுத்தில் கட்டிய கயிறு எத்தனை நீளம் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி, கசக்குவது யார் என்று சொல்லவில்லை. துண்டுக்கு இஸ்திரி போடுவதையும், வெள்ளையைவிட வெள்ளை என்று விளம்பரம் உண்டாக்கும் வெட்கத்தையும் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் ஈரத்துணியில் பெருகிய கிருமி தட்டுக்குப் போகும், தட்டிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகும். அந்தத் துணியை யாரோ ஒருவர் கவனித்தே ஆக வேண்டும்.

யாரோ ஒருவர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வீட்டுவேலைக்கு வருகிற பெண். வாடையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வீட்டு அம்மா வைத்துக்கொண்டு, அதற்குள் கைவிடும் வேலையை அவளிடம் தருகிறார். துணி நாறினால் “ஒழுங்கா அலச மாட்டியா” என்ற கேள்வி அவளுக்குப் போகிறது. ஆண் தப்பித்த இடத்தில் இப்போது இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் குடிக்கத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீடுகளில், அந்த டம்ளரைத் துடைக்கும் துணியும் தனி.

இதன் வேர் இன்னும் ஆழமானது. நான் மேலே சொன்ன செய்முறையில் புதிதாக எதுவும் இல்லை. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் நீராவி ஏற்றி, வெயிலில் விரிப்பது நம் ஊர் வண்ணார்களின் தொழில். காரம், சூடு, வெயில். ஆய்வகம் இன்று சொல்வதை அவர்கள் கைகள் எப்போதோ அறிந்திருந்தன. ஊராரின் பிரசவத் துணியையும் மாதவிலக்குத் துணியையும் வெளுத்துக் கொடுத்தது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தான். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலின் ஆரோக்கியம் அப்படி ஒரு புதிரை வண்ணார் பெண், ஊர் வெளுத்து ஊர்ச்சோறு வாங்கி வாழ்கிறவள். நாற்றத்தைப் போக்கத் தெரிந்தவர்கள் மேலேயே நாற்றத்தைச் சுமத்திவிட்டு, உண்டாக்கியவர்கள் சுத்தமானவர்களாக உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள் ஆணுக்கு வாய்த்த ‘தெரியலையே’ ஊருக்குள் சாதிக்கு வாய்த்தது. தன் அழுக்கின் வாடை தனக்கு அடிக்காமல் வாழ முடிகிறவரைத்தான் நாம் மேலே இருப்பவர் என்கிறோம். இதில் பெண்களாகிய நாமும் சில நேரம் மேலே இருக்கிறோம்.

ஆகவே அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில் இது. தெரியாமல் இருப்பது உரிமை இல்லை. புழங்குகிற ஒவ்வொருவரும், தான் புழங்கியதன் வாடையை அறியக் கடமைப்பட்டவர். சம்பளம் கொடுத்து ஒருவரைத் துவைக்க அழைக்கலாம், அதற்குரிய சம்பளமாக அது இருக்க வேண்டும். மோந்து பார்ப்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. சாப்பிட்டுக் கை கழுவியதும் துண்டில் துடைக்கிறோம். கொடியில் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு நொடி அதை முகத்தருகே கொண்டுபோனால் போதும். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும்.